நெதர்லாந்து அரச குடும்பத்தின் ‘ஆரஞ்சு’ என்னும் பெயர் நம் நாரத்தையிலிருந்து வந்ததா?

இல்லை. பழத்தின் பெயருக்கு நாரத்தையோடு உறவு உண்டு; அரச குடும்பத்தின் பெயருக்கு இல்லை. வாட்சப்பில் வந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நெதர்லாந்தில் வசிக்கும் எனக்கு, மன்னர் பிறந்தநாளான ஏப்ரல் 27 நெருங்கும்போதெல்லாம் அதே செய்தியை யாராவது அனுப்பிவிடுகிறார்கள்.

நாரத்தை, நாரங்காய் போன்ற சொற்களின் திராவிட வேர்தான் வடமொழியில் ‘நாரங்க’ என்றும், பாரசீகத்தில் ‘நாரங்’ என்றும், அரபியில் ‘நாரஞ்’ என்றும் ஆகி ஐரோப்பாவை அடைந்தது என்று சொற்பிறப்பியல் அறிஞர் பலர் கருதுகின்றனர். ஸ்பானிய மொழியில் இன்றும் அது ‘நரான்ஹா’தான், இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் முதல் ‘ந’ உதிர்ந்துவிட்டது.

அரச குடும்பத்தின் பெயரோ தெற்குப் பிரான்சில், அவிஞோனுக்கு வடக்கே உள்ள ஒராஞ்ஜ் என்னும் ஊரின் பெயர். பழங்கால ஐரோப்பாவின் கெல்ட் மக்களுடைய நீர்த்தெய்வம் ஒன்றின் பெயரால் ‘அராவுசியோ’ என்று வழங்கிய அவ்வூருக்கு அருகில் கி.மு. 105-இல் ரோமானியப் படை பெருந்தோல்வி கண்டது. ஆரஞ்சுப் பழம் ஐரோப்பாவுக்கு வந்ததோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. ஊர்ப்பெயரும் பழப்பெயரும் தனித்தனியே மருவி, தெற்குப் பிரான்சின் புரொவென்சல் மொழியில் ஏறத்தாழ ஒரே ஒலியில் வந்து நின்றன. பழத்தின் பெயர் பிரெஞ்சில் ‘ஒ’ என்று தொடங்குவதற்கே அந்த ஊர்ப்பெயரின் சாயல்தான் காரணம் என்று சொல்வோரும் உண்டு.

அந்த ஊரும் சுற்றுப்புறமும் ஒரு சிற்றரசாக இருந்தன. அது இன்றைய டச்சு அரச குடும்பத்தின் முன்னோரான நாசோ குடும்பத்துக்கு வந்தது தாய்மாமன் சொத்தாக. பிலிபர் என்ற இளவரசர் 1530-இல் வாரிசின்றி இறக்க, அவருடைய சகோதரியின் மகன் ரெனே அதைப் பெற்றார். ரெனேயும் 1544-இல் போரில் இறக்க, அவருடைய சித்தப்பா மகனான 11 வயது வில்லியமுக்கு அது போய்ச் சேர்ந்தது. பிற்காலத்தில் ஸ்பெயினை எதிர்த்த டச்சுக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் இவரே. ஊர் 1713-இல் பிரான்சின் கைக்குப் போய்விட்டது. பட்டம் மட்டும் குடும்பத்திடம் தங்கிவிட்டது.

இவ்வளவையும் சில ஆண்டுகளுக்கு முன்பு இங்குள்ள ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கு எழுதிக் கொடுத்தேன். மலர்க்குழுவினர் ஊரைப் பற்றிய பத்திகளை முழுவதுமாக நீக்கிவிட்டு, டச்சு மன்னர்கள் தமிழ்ப் பழத்தின் பெயரைச் சூடியவர்கள் என்ற பொருளில் தலைப்பிட்டு, என் பெயரிலேயே அச்சிட்டுவிட்டார்கள். கேட்டபோது, “படிக்கிறவர்களுக்கு ஒரு பெருமிதம் வேண்டாமா, சார்?” என்றார் பொறுப்பாளர். மறுப்புக் குறிப்பு வெளியிடக்கூட அவர்கள் இசையவில்லை. தமிழின் பெருமையைக் குறைக்கிறான் என்று இங்கே யாரும் கிளம்ப வேண்டாம்: உலகின் பாதி மொழிகளில் உலவும் ஒரு பழத்தின் பெயருக்குப் பின்னால் நம் வேர் இருக்கலாம் என்பது எனக்கும் பெருமைதான், அதற்கு மேல் ஓர் அரச வம்சத்தையும் சேர்த்துக் கேட்பதுதான் பேராசை.

டச்சுக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. பழத்தை அவர்கள் ‘சீன ஆப்பிள்’ என்ற பொருளில் ‘சினாஸ்அப்பல்’ என்கிறார்கள். ‘ஒரான்ய’ என்றால் நிறம், அரச குடும்பம், அல்லது தேசியக் கால்பந்து அணி. பட்டத்து இளவரசி காத்தரினா அமாலியா ‘ஒரான்ய இளவரசி’. 1780-களில் அரச குடும்பத்தை எதிர்த்தவர்கள் ஆரஞ்சு நிற நாடா அணிவதற்கே தடை விதித்தார்கள் என்றால், பெயருக்கும் நிறத்துக்கும் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நெருக்கம் ஒலி ஒற்றுமையால் பின்னாளில் ஏற்பட்டது. ஆகவே தமிழில் எழுதும்போது ‘ஆரஞ்சு வம்சம்’ என்பதைவிட ‘ஒரான்ய வம்சம்’ என்று எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. பழக்கடை நினைவு வராமலாவது இருக்கும்.