ஓடும் காரில் எஞ்சின் தானாகச் சக்தியைக் குறைத்துக்கொள்வது பாதுகாப்பானதா?

கேள்வி: சென்னை பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் சக்தி குறைக்கப்பட்டதாக டாஷ்போர்டில் செய்தி வந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி 40-ஐத் தாண்டவில்லை. பின்னால் வரிசையாக லாரிகள். இது பாதுகாப்பு ஏற்பாடுதான், பயப்பட வேண்டாம் என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். உண்மையா?

பதில்:

எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்பது உண்மை. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் பாதுகாப்பா என்பது, அந்த நேரத்தில் நீங்கள் எந்தச் சாலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தியாகராய நகர் உஸ்மான் சாலை நெரிசலில் இது நடந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. பைபாஸில் கன்டெய்னர் லாரிக்கு முன்னால் நடந்தால் உயிர்ப் பிரச்சினை. உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதி பதில்தான். மீதியைச் சொல்லாமல் 'பயப்பட வேண்டாம்' என்று அனுப்பிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், வண்டி ஏன் அப்படிச் செய்கிறது? பழைய கார்களில் ஆக்சிலரேட்டரிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கேபிள் போகும், மிதித்தால் இழுக்கும். இப்போதைய கார்களில் அந்தக் கேபிள் இல்லை. பெடலில் இருக்கும் சென்சார், நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை மின்னழுத்தமாகக் கணினிக்குச் சொல்கிறது. அதுவும் ஒரு சென்சார் அல்ல, இரண்டு. பல கார்களில் ஒன்று காட்டும் அளவில் சரிபாதியை மற்றது காட்ட வேண்டும்: முதல் சென்சார் 2 வோல்ட் என்றால் இரண்டாவது 1 வோல்ட். காற்றை உள்ளே விடும் த்ராட்டில் பாடியிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. ஜோடியின் கணக்கு ஒத்துவராவிட்டால், எது உண்மை என்று கணினிக்குத் தெரியாது. தெரியாத நிலையில் முழுச் சக்தியைக் கொடுப்பதைவிட, ஊர்ந்துபோகும் அளவுக்குக் குறைப்பதே நல்லது என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். மெக்கானிக்குகள் லிம்ப் மோடு என்பது இதைத்தான்.

இந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். மிதிக்காமலே சீறிப் பாயும் கார், இழுக்காத காரைவிடப் பல மடங்கு ஆபத்து. 2009, 2010-இல் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது அந்த அச்சத்தினால்தான். அதற்குப் பிறகுதான், இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் பிரேக்குக்கே முன்னுரிமை தந்து எஞ்சின் சக்தியைக் குறைக்கும் ஏற்பாடு பரவலானது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் பிரேக்கில் கால் வைக்காமல் வண்டி தானாக வேகம் இழக்கும்போது, பின்னால் சிவப்பு விளக்கு எரிவதில்லை. 80-இல் போன கார் 40-க்கு இறங்குகிறது. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு எந்த அறிகுறியும் இல்லை. இடைவெளி சுருங்குவதை அவர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் பாதி தூரம் போய்விடும். உங்கள் டாஷ்போர்டில் வந்த செய்தி உங்களுக்கு மட்டும்தான்.

அதனால் முதல் வேலை, நான்கு இண்டிகேட்டர்களையும் போடுவது. டாஷ்போர்டை வாசிப்பதெல்லாம் பிறகு. அடுத்து, ஆக்சிலரேட்டரைப் போட்டு அழுத்தாமல் கண்ணாடியைப் பார்த்து இடப்பக்கம் ஒதுங்குங்கள். முந்திக்கொண்டிருக்கும்போது இழுவை போய்விட்டால், எப்படியாவது தாண்டிவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். லாரியை முன்னால் போகவிட்டு அதன் பின்னால் ஒதுங்கிவிடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வழக்கம்போலவே இருக்கும். எஞ்சின் அணைந்துபோவதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

அந்த வித்தியாசத்தைக் கையை விட்டு நழுவ விடாதீர்கள். ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். சில நேரம் தற்காலிகமாகச் சரியாவதும் உண்டு. ஆனால் ஓடும் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. எஞ்சின் அணைந்தால் இரண்டொரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் கனத்துவிடும். சாவி போடும் வண்டியில் சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

சென்ற மழைக்காலத்தில் என் அண்ணியின் கார் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது இப்படி ஆனது. பாலத்தில் ஒதுங்க இடமில்லை. அண்ணி நிறுத்தவில்லை. விளக்குகளைப் போட்டுக்கொண்டு, ஹாரன்கள் அலற அலற, ஊர்ந்தே கீழே இறங்கி, ஆலந்தூர்ப் பக்கம் ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் எங்களை அழைத்தார். சரியான முடிவு. வண்டி நகரும்வரை மேம்பாலத்திலும் வளைவிலும் நிறுத்தக் கூடாது. பைபாஸ் மாதிரி இடத்தில் நிற்க நேர்ந்தால், எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். முக்கோணப் பலகையை 50 மீட்டராவது பின்னால் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

மறுநாள் கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் நாங்கள் வழக்கமாகப் போகும் மெக்கானிக், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை இணைப்பில் கருவியைச் செருகினார். பி2135 என்று வந்தது: ஜோடி சென்சார்களின் கணக்கு ஒத்துவரவில்லை என்பதற்கான குறியீடு. "மேடம், புதிய த்ராட்டில் பாடி போடுவதற்கு முன் வயரைப் பார்த்துவிடலாம்" என்றார். பானெட்டைத் திறந்து கறுப்பு உறையை விலக்கினால், ஒரு வயர் செம்பு தெரியும்வரை கடிபட்டிருந்தது. பக்கத்தில் எலிப் புழுக்கை. மழையில் ஒதுங்க இடம் தேடும் எலிக்கு, வெப்பம் ஆறாத எஞ்சின் அறை வசதியான இடம். வயரை மாற்றியதோடு தீர்ந்தது. குறியீடு எந்த மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்லும், எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. குறியீட்டைப் பார்த்த உடனேயே விலை உயர்ந்த பாகத்தை எழுதித் தருபவரிடம் வயரையும் கனெக்டரையும் சோதித்தீர்களா என்று கேளுங்கள். தண்ணீர் தேங்கிய தெருவில் ஓட்டிய வண்டியானால் கனெக்டரில் ஈரமும் பச்சைத் துருவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

உங்களுடையது டீசல் கார் என்றால் வேறொரு காரணமும் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகான டீசல் கார்களில், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி வெப்பமும், தடையில்லாத கொஞ்ச நேர ஓட்டமும் தேவை. அண்ணா நகருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பே வாய்ப்பதில்லை. முதலில் வடிகட்டி விளக்கு மஞ்சளாக எரியும். அப்போதே ஒரு அதிகாலையில் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் இருபது நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அலட்சியப்படுத்தினால் அடுத்த கட்டம் சக்தி குறைப்புதான். இந்தக் காரணத்துக்காகச் சக்தி குறைவது தவிர்க்கக்கூடியது. தினமும் ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு டீசல் காரை விற்கும்போது இதை எடுத்துச் சொல்வது விற்பவரின் கடமை.

கடைசியாக, உங்களுக்கு நடந்ததைப் பதிவு செய்யுங்கள். குறியீட்டை அழிப்பதற்கு முன் அதன் எண்ணை, செய்யும் வேலையைக் குறித்து சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், வாய்வார்த்தை போதாது. அமெரிக்காவில் ஃபோர்டின் எஸ்கேப், ஃப்யூஷன் கார்களில் இதே போல ஓடும்போது சக்தி போவதாகப் புகார்கள் குவிந்து, 2013-இல் அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை தொடங்கியது. த்ராட்டில் பாடிக்கான வாரண்டியை நிறுவனம் பத்து ஆண்டுகளாக நீட்டித்தது. ஓட்டியவர்கள் எழுதிப் போட்டதால் நடந்தது அது. நமக்கும் வழி இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி 2021 ஏப்ரல் முதல் கட்டாயத் திரும்ப அழைப்பு விதிகள் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டி என்றால் மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் உரிமையாளரே புகார் பதிவு செய்யலாம். நடந்த நாள், இடம், அப்போதைய வேகம், குறியீட்டு எண் நான்கையும் குறிப்பிட்டு, ஜாப் கார்டின் படத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை பைபாஸைத் தவிர்த்து உள்சாலையில் போங்கள்.