பொய் இல்லாத செய்தியில் சார்பு இருக்குமா?

கேள்வி: ஒரு போராட்டம் பற்றி இரண்டு நாளிதழ்களில் படித்தேன். தகவல்கள் ஒத்துப்போகின்றன, ஆனால் ஒன்றைப் படித்தால் போராடியவர்கள் மீதும், மற்றொன்றைப் படித்தால் காவல்துறை மீதும் கோபம் வருகிறது. பொய்யே இல்லாதபோது சார்பை எப்படிக் கண்டறிவது?

பதில்: சார்பு பெரும்பாலும் பொய்யாக வருவதில்லை, எதைச் சொல்வது, எதை விடுவது, யார் கூற்றை முதலில் வைப்பது என்ற தேர்வுகளின் வழியாகவே வருகிறது. முதலில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். ‘துப்பாக்கிச் சூட்டில் மூவர் பலி’ என்ற தலைப்பில் சுட்டவர் இல்லை. ‘போலீசார் சுட்டதில் மூவர் பலி’ என்பதில் இருக்கிறார். சுட்டவர் யார் என்று உறுதியாகாத நேரத்தில் முதல் தலைப்பே நேர்மையானது. உறுதியான பிறகும் அதுவே தொடர்ந்தால் ஐயம் கொள்ளலாம். ஒரு தரப்பு ‘விளக்கமளித்தது’, மறுதரப்பு ‘மழுப்பியது’ என்று எழுதப்பட்டால், நிருபரே தீர்ப்பளித்துவிட்டார் என்று பொருள்.

2005-ல் கேத்ரீனா புயலால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது, மார்பளவு வெள்ளத்தில் உணவுப் பொருட்களுடன் நடந்துசெல்பவர்களின் இரண்டு படங்கள் வெளியாயின. அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் வெளியிட்ட படத்திலிருந்த கறுப்பின இளைஞர் கடையைச் ‘சூறையாடியவர்’ என்றும், ஏ.எஃப்.பி. என்ற பிரெஞ்சுச் செய்தி நிறுவனம் வெளியிட்ட படத்திலிருந்த வெள்ளை நிறத்தவர் இருவர் ரொட்டியும் குளிர்பானமும் ‘கண்டெடுத்தவர்கள்’ என்றும் குறிக்கப்பட்டனர். படமெடுத்தவர்கள் நேரில் கண்டதையே எழுதியதாகப் பின்னர் விளக்கம் தரப்பட்டது. அந்த விளக்கத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். படக்குறிப்புகளை எழுதியவை இரு வேறு நிறுவனங்கள் என்பதால், இந்த ஒரு சான்றைக் கொண்டு எந்த நிறுவனத்தின் மீதும் குற்றம் சுமத்த முடியாது. ஒரே ஊடகத்தில், ஒரே வகைச் செயலுக்கு, ஆளுக்கொரு சொல் தொடர்ந்து வருகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

விடுபட்ட தகவலை ஒரே நாளிதழை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவே இயலாது. இரண்டாவது நாளிதழையும் படிக்கும் உங்கள் பழக்கம் அதற்காகவே தொடர வேண்டும்.

கேள்வி: ஒரே தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துவிட்டு, அது எதிர்த்தரப்புக்குச் சாய்கிறது என்று நானும் சொல்கிறேன், எனக்கு நேர்மாறான கருத்துடைய என் நண்பரும் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே தவறாக இருக்கலாம். 1982-ல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் காட்டி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வல்லோன், ராஸ், லெப்பர் ஆகியோர் 1985-ல் ஆய்வொன்றை வெளியிட்டனர். இரு தரப்பினரும் பார்த்தவை ஒரே செய்திகள். அவை தம் தரப்புக்கு எதிரானவை என்றே இரு தரப்பினரும் கூறினர். ஆனாலும், இரு பக்கமும் குறை சொல்வதாலேயே அந்தச் செய்தி நடுநிலையானது என்று ஊடகங்கள் சொல்லிக்கொள்வதை நான் ஏற்பதில்லை. செய்தியில் உண்மையான பிழை இருக்கும்போதும் இரு பக்கத்திலிருந்தும் குறை வரக்கூடும். நீங்களும் நண்பரும் சர்ச்சைக்குரிய வாக்கியத்தை எழுதிவைத்து, அதில் இரு தரப்பின் பெயர்களையும் இடம் மாற்றிப் படியுங்கள். முன்பு இயல்பாகத் தோன்றிய எந்தச் சொல் இப்போது உறுத்துகிறதோ, அதைப் பற்றி மட்டும் விவாதியுங்கள்.