ஜப்பானில் மக்கள் வாழும் தென்கோடித் தீவான ஹதெருமாவைத் தனியாக ஒரே நாளில் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும். காலைப் படகில் போய், சைக்கிளில் சுற்றிவிட்டு, மாலைப் படகில் திரும்பலாம். தனியாகப் போவதில் எந்தச் சிரமமும் இல்லை. நானும் அப்படித்தான் போய்வந்தேன். ஆனால் அந்த ஒரு நாளை எங்கே செலவிடுவது என்பதில், தென்கோடி முனைக்கே முதலில் ஓடச் சொல்லும் வழக்கமான ஆலோசனையோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஒகினாவா மாகாணத்தின் யாயேயாமா தீவுக்கூட்டத்தில், டோக்கியோவிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி, தாய்வான் பக்கமாகக் கிடக்கிறது இந்தத் தீவு. சுற்றளவு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். மக்கள்தொகை 500 அளவில்தான். விமானத்தில் இஷிகாகித் தீவுக்கு வந்து, அங்கிருந்து அதிவேகப் படகு பிடிக்க வேண்டும். படகையும் கடலையும் பொறுத்து ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

உங்கள் திட்டம் நிறைவேறுமா என்பது முழுக்க முழுக்கப் படகின் கையில் இருக்கிறது. பக்கத்துத் தீவுகள் சிலவற்றுக்குப் பவளத்திட்டு அரணாக நிற்பதால் படகுகள் அமைதியான நீரில் ஓடுகின்றன. ஹதெருமா படகோ திறந்த கடலைக் கடந்தாக வேண்டும். வடக்குக் காற்று எழும் குளிர்காலத்தில் சேவை ரத்தாவது சர்வ சாதாரணம். காலையில் போன படகு மாலையில் வராமலும் போகலாம். அதனால் மறுநாள் காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு அங்கே போகாதீர்கள். ஒரு மாற்றுடையும், ஓர் இரவு தங்கும் அளவுக்கு ரொக்கமும் பையில் இருக்கட்டும்.

தீவில் பஸ் கிடையாது. வாடகை சைக்கிள் கடைக்காரர்கள் துறைமுகத்துக்கே வேனில் வந்து அழைத்துப்போவார்கள். ஊர் தீவின் நடுவே மேட்டில் இருப்பதால், எந்தக் கடற்கரைக்குப் போனாலும் போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். மின்விசை உதவியுள்ள சைக்கிள் கிடைத்தால் கூச்சப்படாமல் அதையே எடுங்கள்.

எல்லோரும் முதலில் ஓடுவது தக்கனாசாகி முனைக்கு. வழி முழுவதும் இரு பக்கமும் கரும்பு. திருப்பத்துக்குத் திருப்பம் ஓர் ஆடு கட்டிக் கிடக்கும். கயிற்றின் நீளத்துக்கு வட்டமாகப் புல்லை மொட்டையடித்துவிட்டு, சைக்கிள் சத்தம் கேட்டதும் ஏதோ கொண்டுவருகிறோம் என்று எழுந்து நிற்கும். முனையில் செங்குத்துப் பாறை, அடியில் மோதும் கடல், 'ஜப்பானின் தென்கோடி' என்று பொறித்த ஒரு சிறு கல். அட்சரேகைப்படி பார்த்தால் இந்தத் தென்கோடி ஏறக்குறைய நம் குஜராத்தின் பாலன்பூர்! கணக்குப்படி நாட்டின் தென்கோடி ஒகினோதோரி என்ற பவளத்திட்டுதான். அங்கே சாதாரண மக்கள் போக முடியாது என்பதால் பெருமை இந்தக் கல்லுக்கு வந்துவிட்டது. இதன் முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கும். கல்லைவிட, அதை நோக்கிப் போகும் பாதையைப் பாருங்கள். 1972இல் அமெரிக்காவிடமிருந்து ஒகினாவா ஜப்பானுக்குத் திரும்பியபோது, இனி பிரியக் கூடாது என்ற எண்ணத்தோடு, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கொண்டுவந்த கற்களை இரண்டு பாம்புகள் பின்னியதுபோல் பதித்திருக்கிறார்கள். கால் மணி நேரம் போதும் இங்கே.

தெற்கு வானில் தெரியும் சிலுவை நட்சத்திரக் கூட்டத்துக்காகவும் இந்தத் தீவு பெயர் பெற்றது. பகலில் போய்த் திரும்புகிறவருக்கு அது கிடைக்காது. வருத்தப்பட வேண்டாம், ஏப்ரல், மே மாத இரவுகளில் தமிழ்நாட்டிலிருந்தே அது இன்னும் உயரத்தில் தெரியும்.

நான் நேரம் ஒதுக்கச் சொல்வது பள்ளிக்கூட வளாகத்திலுள்ள நினைவுச்சின்னத்துக்கு. 1945இல், போர் முடியும் தறுவாயில், ஜப்பானிய ராணுவம் இந்தத் தீவு மக்கள் அனைவரையும் எதிரே உள்ள இரியோமோத்தே தீவுக்குப் போகக் கட்டளையிட்டது. ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு பொய்ப் பெயரில் இதே பள்ளிக்கு வந்திருந்த உளவுப்படை ஆள்தான் வாளை உருவி அதை நிறைவேற்றியவர். புறப்படும் முன் ஆடு மாடுகளைக் கொல்லச் சொன்னார்கள். இரியோமோத்தே மலேரியாக் காடு. அது மக்களுக்கும் தெரியும். பள்ளித் தலைமையாசிரியர் ஷிக்கினா ஷின்ஷோ இஷிகாகிக்குப் போய்ப் படைத்தளபதியிடம் மன்றாடி, திரும்ப அனுமதி பெற்றார். நோயோ மக்களோடு கூடவே ஊருக்கு வந்தது. தீவின் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இறந்துபோனார்கள். அவர்களில் 66 பேர் பள்ளிக் குழந்தைகள். இரியோமோத்தேயை விட்டுக் கிளம்புமுன் ஷிக்கினா அதன் கரைப்பாறை ஒன்றில், இதை மறக்காதே என்ற பொருளில் சில எழுத்துகளைச் செதுக்கினார். அந்தப் பாறை இன்றும் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நிஷிஹாமா கடற்கரைக்குப் போங்கள். வெண்மணல், கண்ணாடி போன்ற நீர், படங்களில் பார்ப்பதைவிட ஆழ்ந்த நீலம். எதிரே பசுமையாகத் தெரிகிற மலைகள்தாம் இரியோமோத்தே. நீந்துவதானால் இங்கேயே நீந்துங்கள். தென்கரையிலுள்ள பெமுச்சி கடற்கரையில் நீரோட்டம் பொல்லாதது. தனியாக வந்தவர் அங்கே காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சாப்பாட்டுக் கடைகள் ஓரிரண்டுதான். அவையும் மதியம் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். ஒகினாவா சோபா என்ற நூடுல்ஸின் சாற்றில் பன்றியும் மீனும் இருக்கும் என்பதால் சைவர்கள் ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்றுருண்டையை இஷிகாகியிலேயே வாங்கிக்கொள்வது உத்தமம். ஆனால் கருப்புச் சர்க்கரைப் பாகு ஊற்றிய பனித்துருவலை விட்டுவிடாதீர்கள். இந்தத் தீவின் கரும்பிலிருந்து இங்கேயே காய்ச்சிய சர்க்கரை. நாக்கில் முதலில் உப்புச் சாயல், பிறகுதான் இனிப்பு. கட்டிகளாக ஊரின் கூட்டுறவுக் கடையில் கிடைக்கும். 'அவானாமி' என்ற உள்ளூர் மதுவும் அங்கேதான். வெளியூர்களில் அரிதாகவே அகப்படும் என்பதால் பிரியர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள்.

திரும்பும்போது படகின் பின்பக்க இருக்கையில் உட்காருங்கள். முன்பக்கம் அலைக்கு அலை தூக்கிப் போடும். குமட்டல் வருபவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஏறிய பிறகு போட்டால் பயன் குறைவு.