படபடப்பு நின்றுவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

அப்பாவுக்கு 68 வயது, சுகரும் பிரஷரும் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இப்போது படபடப்பே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை விட்டுவிடலாமா? – மேலூர்

விடக் கூடாதும்மா. இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கிறது. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அப்போது இடது மேலறையில் காதுமடல் போல ஒட்டியிருக்கும் சின்னப் பையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அது மூளைக்குப் போனால் பக்கவாதம். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் படபடப்பை அடக்கும், கட்டியைத் தடுக்காது. அதற்குத்தான் அந்த இன்னொரு மாத்திரை.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்து, அழகர் மலை திரும்பும்வரை மூன்று நாள் மண்டகப்படியிலேயே தங்கிவிட்ட பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். மாத்திரை அட்டை ஊரில் கட்டில் தலைமாட்டில் இருந்தது. நான்காம் நாள் காலையில் காப்பி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது, எடுக்கக் குனிந்தவருக்குப் பேச்சு வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது சாவிக்கு முன்னால் மாத்திரையை எடுத்து வையுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறேன். கீரையே தொடாதே என்கிறார்கள். முருங்கைக்கீரை இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. – திருமங்கலம்

தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அளவு மாறாமல். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். வாரம் இரண்டு நாள், ஒரு கரண்டி என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும், அதற்கேற்ற டோஸை டாக்டர் வைத்துவிடுவார். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் தினம் கீரை என்றால்தான் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) ஆட்டம் காட்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குப் பெரும்பாலும் 2-லிருந்து 3-க்குள் இருக்க வேண்டும். செயற்கை வால்வு வைத்தவர்களுக்குக் கணக்கு வேறு. கீரைத் தொல்லை இல்லாத புது மாத்திரைகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். உலோக வால்வு வைத்தவர்களுக்கும், வாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு மிகவும் குறுகிப்போனவர்களுக்கும் அவை ஆகாது, நம் பக்கம் அப்படிப்பட்டவர்கள் நிறைய.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுகிறேன். தப்பா? – உசிலம்பட்டி

தப்புதான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போடலாம், அதையும் நாள்கணக்கில் போடுவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு.

பேஸ்மேக்கர் வைத்த அம்மா இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கலாமா? – திருப்பரங்குன்றம்

இரண்டடி தள்ளி நின்றால் சமைக்கலாம். மிக்ஸி, கிரைண்டருக்குப் பயம் வேண்டாம். செல்போனை மட்டும் பேஸ்மேக்கர் இருக்கும் பக்கத்து நெஞ்சோடு வைக்க வேண்டாம்.

கணவருக்கு நேற்று வாய் கோணி, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அடுத்த மாதச் செக்கப்பில் சொன்னால் போதுமா? – சோழவந்தான்

போதாது. படித்ததும் கிளம்புங்கள், பெரிய பக்கவாதத்துக்கு முன்னால் இப்படித்தான் வந்துபோகும். மறுபடி வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரானால், அட்டையைக் கையோடு எடுத்துப் போய், கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்று அங்கே முதலில் சொல்லுங்கள்.