போர்க்காலப் பட்டங்கள்: வாசகர் கேள்வி – பதில்

உலகப் போர்களின்போது மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நடந்துகொண்ட விதம் குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையையொட்டி நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. போர் வந்துவிட்டால் பட்டத்துக்கும் பாடத்திட்டத்துக்கும் யார் பொறுப்பு, ஆசிரியர்களா, நிர்வாகமா, அரசாங்கமா என்பதையே பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: போருக்குப் போன மாணவர்களுக்கு அமெரிக்காவில் தேர்வே வைக்காமல் பட்டம் கொடுத்தார்களாமே? நம் ஊர் 'ஆல் பாஸ்' போலத்தானா அது? ஆசிரியர்கள் அதற்கு எப்படி உடன்பட்டார்கள்?
(கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்ற வாசகர், திருநெல்வேலி)

பதில்: அங்கே பட்டம் வழங்கும் சட்ட அதிகாரம் அறங்காவலர் குழுவிடம் இருக்கிறது, ஆனால் யார் யாருக்கு வழங்கலாம் என்று பரிந்துரைப்பது ஆசிரியர் கூட்டம். பதிவாளர் தயாரித்த பட்டியல் கூட்டத்தில் வைக்கப்பட்டு, வாக்கெடுப்பில் நிறைவேறிய பிறகே அறங்காவலர்களிடம் போகும். அமைதிக் காலத்தில் இது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் சடங்கு. 1917 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் அந்தச் சடங்கு உண்மையான விவாதமாக மாறியது. இறுதியாண்டு மாணவர்கள் பருவத்தின் நடுவிலேயே படையில் சேர்ந்துவிட்டார்கள். மீதமிருந்த வாரங்களை முடித்ததாகவே கணக்கில் கொண்டு பல கல்லூரிகள் அவர்களுக்குப் பட்டம் தந்தன.

இதை நான் குறை சொல்லமாட்டேன். நான்காண்டுப் படிப்பில் கடைசிச் சில வாரங்களைத் தள்ளுபடி செய்வதால் பட்டத்தின் மதிப்பு குறைந்துவிடாது. போர் முடிந்த பிறகு நடந்ததுதான் உங்கள் 'ஆல் பாஸ்' என்ற சொல்லுக்குப் பொருந்தும். படையிலிருந்து திரும்பியவர் அங்கே என்ன கற்றார், எதையாவது கற்றாரா என்றுகூடக் கேட்காமல், பணியாற்றிய காலத்துக்காகவே மொத்தமாக மதிப்பெண் அலகுகளை (பட்டத்துக்குக் கணக்கிடப்படும் 'கிரெடிட்') அள்ளிக்கொடுத்த கல்லூரிகள் பல. நன்றியுணர்ச்சியால் செய்த காரியம் அது. ஆனால் அடிப்படைப் பாடத்தைப் படிக்காமலே மேல்வகுப்புக்குத் தள்ளப்பட்டவருக்கு அது நன்மை செய்யவில்லை.

அந்தக் கசப்பு இருபதாண்டுகளுக்குப் பிறகும் மறக்கப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1942 ஜனவரி 3, 4 தேதிகளில் கல்லூரித் தலைவர்கள் பால்டிமோரில் கூடினார்கள். ஆண்டு முழுவதும் வகுப்பு நடத்தி நான்காண்டுப் படிப்பை மூன்றாண்டுகளுக்குள் முடிக்க வழிசெய்யலாம் என்று அவர்கள் சொன்னார்கள். அதே மூச்சில், படைப்பணிக்கு மொத்தமாக மதிப்பெண் தருவது கூடாது, ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தறிந்தே தரவேண்டும் என்றும் சொன்னார்கள். அதே ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில், படைவீரர்களுக்கு அஞ்சல்வழியாகப் பாடம் நடத்தும் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. படிப்பை இடையில் விட்டுப் போனவர்களின் அறிவை அளப்பதற்கு அயோவா பல்கலைக்கழகத்தின் லிண்ட்குவிஸ்ட் குழுவினர் உருவாக்கிய தேர்வுகள்தாம், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஈடாக இன்று உலகறிந்த 'ஜி.இ.டி.' தேர்வுகள். எந்த ராணுவப் பயிற்சி எந்தக் கல்லூரிப் பாடத்துக்கு எவ்வளவு ஈடாகும் என்று விளக்கும் கையேட்டை அமெரிக்கக் கல்வி மன்றம் வெளியிட்டது. ரேடார் பழுதுபார்க்கப் பயின்றவருக்கு மின்னியலில் சில அலகுகள் கிடைக்கலாம்; அவர் வரலாற்றுப் பாடத்திலிருந்து தப்ப முடியாது. அந்தப் போர்க்காலத்தில் உயர்கல்வித் துறை செய்த மிக நேர்மையான வேலை இதுதான் என்பது என் கருத்து. 1944 ஜூனில் சட்டமான படைவீரர் மறுவாழ்வுத் திட்டத்தின்கீழ் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கல்லூரிகளுக்குள் நுழைந்தபோது பதிவாளர் அலுவலகங்கள் திணறினாலும், முந்தைய போருக்குப் பிறகு நேர்ந்ததைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக்கொடுக்கும் நிலை இல்லாதிருந்ததற்கு இந்த முன்னேற்பாடே காரணம்.

கேள்வி: பாடத்திட்டத்தை ராணுவமே எழுதியதா? ஆசிரியர்களுக்கு அதில் குரல் இருந்ததா?
(ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: இரண்டு போர்களிலும் இரண்டு விதமாக நடந்தது. 1918 அக்டோபர் 1 அன்று 'மாணவர் ராணுவப் பயிற்சிப் படை' என்ற திட்டம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே நாளில் தொடங்கியது. சுமார் 1,40,000 மாணவர்கள் சிப்பாய்களாகப் பதிவானார்கள். கல்விக் கட்டணமும் தங்குமிடமும் அரசாங்கச் செலவு. மாதம் முப்பது டாலர் சம்பளம். வழக்கமான பருவங்களைப் பன்னிரண்டு வாரக் காலாண்டுகளாக மாற்றச் சொன்னார்கள். 'போரின் பிரச்சினைகள்' என்ற பாடத்தைக் கட்டாயமாக்கினார்கள். பேராசிரியர் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அணிவகுப்புக்கு ஊதல் ஒலிக்கும். இரவெல்லாம் காவல் நின்றவர்கள் காலை வகுப்பில் தூங்கிவழிவார்கள். போதாக்குறைக்கு இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய் வேறு. நவம்பர் 11-இல் போர் நின்றது, டிசம்பரில் படையும் கலைக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கும் குறைவாக நடந்த ஒரு திட்டத்துக்காகப் பல ஆண்டுப் பாடத்திட்டங்களைப் பிரித்துப்போட்டுவிட்டார்களே என்று ஆசிரியர்கள் எரிச்சலடைந்ததில் நியாயம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் கடற்படை இதைவிடப் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. 1943 ஜூலை 1 அன்று தொடங்கிய 'வி-12' திட்டம் 131 கல்லூரிகளில் நடந்தது; மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 1,25,000 பேர் அதில் படித்தார்கள். பதினாறு வாரப் பருவங்கள் ஆண்டுக்கு மூன்று. முதல் பருவத்தில் கணிதம், இயற்பியல், ஆங்கிலம், பொறியியல் வரைபடம், நடக்கும் போரின் வரலாற்றுப் பின்னணி, கடற்படை அமைப்பு ஆகிய பாடங்கள் இருந்தன. வாரத்துக்குப் பதினேழு அலகுப் பாடங்களோடு ஒன்பதரை மணிநேர உடற்பயிற்சியும் உண்டு. என்னென்ன பாடம் என்பதைக் கடற்படை தீர்மானித்தது. அதை நடத்துவதும், தேர்வு வைப்பதும், தேறாதவரைத் தேறவில்லை என்று சொல்வதும் கல்லூரி ஆசிரியர்களின் பொறுப்பாகவே இருந்தன. தன் பட்டத்துக்கு இவற்றில் எதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்ற முடிவும் கல்லூரியிடமே இருந்தது. குரல் எங்கே இருந்தது என்று கேட்டீர்களே, அங்கேதான் இருந்தது.

தரைப்படையின் இணைத்திட்டத்தை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1943 இறுதியில் அதில் சுமார் 1,45,000 பேர் இருந்தார்கள். 1944 பிப்ரவரியில் காலாட்படைக்கு ஆள் போதவில்லை என்றதும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வகுப்பிலிருந்து எழுப்பிப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ஆசிரியர் கூட்டத்தையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க முடியுமா என்பதும் ஐயமே.

கேள்வி: அவசரத்துக்கு வந்த பாடம் எதுவும் நிலைத்து நின்றதா?
(வாசகர், மதுரை)

பதில்: நின்றது. மேலே சொன்ன 'போரின் பிரச்சினைகள்' பாடத்தை நடத்திய அனுபவத்திலிருந்து, 1919-இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரி முதலாண்டு மாணவர் எல்லோருக்கும் 'சமகால நாகரிகம்' என்ற கட்டாயப் பாடத்தை வகுத்தது. வெவ்வேறு துறை ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே பாடத்தை நடத்தலாம் என்பது போர்க்கால நெருக்கடியில் கற்றுக்கொண்ட வழக்கம். நோக்கம் மாறியது; வடிவம் தங்கியது. அந்தப் பாடம் இன்றும் அங்கே இருக்கிறது.

கேள்வி: போரைச் சாக்காக வைத்து, முன்பே மனத்தில் இருந்ததை நிறைவேற்றிக்கொண்ட நிர்வாகிகள் உண்டா?
(பேராசிரியர், திருச்சி)

பதில்: சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸைச் சொல்லவேண்டும். உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டாண்டுகளையும் கல்லூரியின் முதல் இரண்டாண்டுகளையும் இணைத்து, அதன் முடிவிலேயே இளங்கலைப் பட்டம் தந்துவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு வெகுநாளாக உண்டு. இளைஞர்கள் சீக்கிரம் படையில் சேரவேண்டியிருக்கிறது என்ற வாதம் கைக்கு வந்ததும், 1942 ஜனவரியில் அதை ஆசிரியர் பேரவையில் வைத்து நிறைவேற்றிக்கொண்டார். அந்தப் பேரவையில் முழுநிலைப் பேராசிரியர்கள் மட்டுமே உறுப்பினர்கள். சில மாதங்களில் அதே பேரவையில் முடிவை மாற்ற நடந்த முயற்சி நூலிழையில் தோற்றது. அதோடு விட்டுவிடாமல் 1944-இல் தலைவருக்கும் மூத்த பேராசிரியர்களுக்கும் வெளிப்படையான மோதல் மூண்டது. அதன் விளைவாகப் பேரவை இளநிலைப் பேராசிரியர்களுக்கும் திறக்கப்பட்டது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழுவும் அமைந்தது. ஹட்சின்ஸ் 1951-இல் விலகினார். 1953-இல் பட்டத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார்கள். அந்தத் திட்டத்தில் கல்விநோக்கில் நல்ல கூறுகள் இருந்தன என்றே நினைக்கிறேன். ஆயினும் போரின் அவசரத்தில் வாங்கிய ஒப்புதல் போர் முடிந்ததும் வலுவிழந்துபோனது.

கேள்வி: போரை எதிர்த்த பேராசிரியர்களைச் சக ஆசிரியர்கள் காப்பாற்றவில்லையா?
(வழக்கறிஞர், சேலம்)

பதில்: கொலம்பியாவில் முயன்று தோற்றார்கள். கட்டாயப் படைச்சேர்ப்பில் எடுத்தவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பக்கூடாது என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதிய உளவியல் பேராசிரியர் கட்டெல், போர் எதிர்ப்பு அமைப்புகளில் ஈடுபட்ட டானா ஆகிய இருவரையும் 1917 அக்டோபர் 1 அன்று அறங்காவலர்கள் நீக்கினார்கள். இத்தகைய விவகாரங்களில் கலந்தாலோசிக்கப் பொருளியல் பேராசிரியர் செலிக்மன் தலைமையில் ஒன்பது ஆசிரியர்கள் கொண்ட குழு ஒன்று இருந்தது. அதன் கருத்து புறக்கணிக்கப்பட்டது. அடுத்த வாரமே வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்ட் பதவி விலகினார். பியர்ட் போரை ஆதரித்தவர் என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். அவர் எதிர்த்தது நீக்கிய முறையை.

ஆசிரியர்களிடம் அதிகாரம் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியை ஆள்வது அதன் ஆசிரியர்களே. ஆனாலும் 1916 ஜூலையில், போர் எதிர்ப்புத் துண்டுப் பிரசுரத்துக்காக நூறு பவுண்டு அபராதம் விதிக்கப்பட்ட பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் விரிவுரையாளர் பதவியைப் பறித்தது அதே ஆசிரியர்களின் ஆட்சிக்குழுதான். இளைய ஆசிரியர்களில் பலர் போர்ப்பணியில் இருந்தார்கள். மூத்தவர்கள் கையில் முடிவு இருந்தது. திரும்பி வந்த இளையவர்கள் விண்ணப்பம் எழுதி, 1919 இறுதியில் அவரை மீண்டும் அழைக்கவைத்தார்கள்.

கேள்வி: ராமானுஜனுக்கும் போர்க்காலத்தில்தானே கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது? போர்க்காலச் சலுகையா அது?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: அல்ல. 1914 ஏப்ரலில் அங்கே போன ராமானுஜன் 1916 மார்ச்சில் ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பெற்றார்; உயர்பகு எண்கள் (தம்மினும் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுஎண்கள் கொண்டவை) பற்றிய நீண்ட கட்டுரையே அதற்கான ஆய்வு. ஆய்வுக்கு பி.ஏ. தரும் விதி போருக்கு முன்பே இருந்தது. எஃப்.ஏ. என்ற அக்கால இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தேறாத அவருக்கு நுழைவுத் தகுதியில் காட்டிய தளர்வும் போரைச் சேர்ந்ததன்று, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி போன்றவர்கள் அவருடைய கணிதத்தைப் படித்துப் பார்த்ததால் வந்தது. போர் அவருக்குக் கொடுத்தது சிரமத்தைத்தான்: இன்னொரு கணித அறிஞரான லிட்டில்வுட் பீரங்கிப்படைக்குப் போய்விட்டார், டிரினிட்டியின் நெவில் முற்றம் மருத்துவமனையாயிற்று, சைவ உணவுக்கும் தட்டுப்பாடு. முனைவர் பட்டம் பிரிட்டனில் வேர்விட்டதில் போருக்குப் பங்குண்டு. அதுவரை ஜெர்மனிக்குச் சென்ற அமெரிக்க மாணவர்களை ஈர்க்கும் எண்ணத்தோடு ஆக்ஸ்ஃபோர்டு 1917-இல் அதை ஏற்படுத்தியது. கேம்பிரிட்ஜ் சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தது. ராமானுஜன் சற்றுப் பிந்திப் போயிருந்தால் அதே ஆய்வுக்கு அந்தப் பட்டமே கிடைத்திருக்கும்.

கேள்வி: போரால் பட்டத்தை இழந்தவர்களுக்குப் பிற்பாடு யாராவது ஈடு செய்தார்களா?
(மாணவர், சென்னை)

பதில்: ஒரு பெரிய நிகழ்ச்சியைச் சொல்லலாம். அமெரிக்க அதிபரின் 1942 பிப்ரவரி ஆணையின்படி மேற்குக் கடற்கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டபோது, அவர்களுள் பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதல் மாணவருக்கான பதக்கத்துக்கு உரியவர் வேதியியல் மாணவர் ஹார்வி இட்டானோ. பட்டமளிப்பு விழாவில் அவர் இல்லை. சாக்ரமெண்டோ முகாமில் முள்வேலிக்குள் இருந்தார். அவரது நாடு அவரை வேறிடத்துக்கு அழைத்திருக்கிறது என்று பல்கலைக்கழகத் தலைவர் ஸ்ப்ரவுல் மேடையில் சொன்னார். இங்கிதமான வாக்கியம்தான், அதற்குள் இருக்கும் கசப்பை அவையினர் எத்தனை பேர் உணர்ந்திருப்பார்களோ! இட்டானோ பட்டம் பெற்றுவிட்டவர். பின்னாளில் வேதியியல் அறிஞர் பாலிங்குடன் சேர்ந்து அரிவாள்செல் சோகை பற்றிய புகழ்பெற்ற 1949 ஆய்வில் பங்குகொண்டார். படிப்பின் நடுவில் பிடுங்கப்பட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1972 முதல் கௌரவப் பட்டங்களை நிறுத்திவைத்திருந்தது. 2009 ஜூலையில் அதன் ஆட்சிக்குழு அந்தத் தடையை இவர்களுக்காக மட்டும் விலக்கி, சுமார் எழுநூறு பேருக்குப் பட்டம் வழங்க முடிவு செய்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் அதற்கு ஓராண்டு முன்பே அவ்வாறு செய்திருந்தது. படித்து முடிக்காத படிப்புக்கு முறையான பட்டம் தருவதில் உள்ள சிக்கலைக் கௌரவப் பட்டம் என்ற வழியில் கடந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய சிலர் நேரில் வந்து வாங்கினார்கள். பலருக்காகப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெற்றுக்கொண்டார்கள்.