2016 லின்ச்-பாஜ் கெட்டுப் போயிடுச்சா?

நண்பரே, ரெண்டு பாட்டில் 2016 லின்ச்-பாஜ் சிவப்பு ஒயின் வாங்கி, ஒண்ணைத் திறந்து குடிச்சுட்டு கெட்டுப் போச்சான்னு கேக்குறீங்க, மிச்சத்தைக் கீழ ஊத்திடாதீங்க! வாயெல்லாம் வறண்டு நாக்கை இழுத்துப் பிடிக்குதுன்னு சொல்றீங்க, அது கெட்டுப்போன அறிகுறி இல்ல, திராட்சைத் தோல், விதையில இருந்து வர்ற டானின். நம்ம பாஷைல துவர்ப்பு, நாவப்பழம் தின்னா வருமே அதேதான். லின்ச்-பாஜ் பிரான்ஸ்ல போர்தோ பகுதில இருக்குற போயாக் ஊர் ஒயின். போயாக் ஒயின்ல பெரும்பகுதி கேபர்னே சோவிஞான், தோல் தடிச்ச திராட்சை, அதுவும் 2016 போர்தோல அருமையான வருஷம், இன்னும் 20 வருஷம் தாங்குற சரக்கை நீங்க திறந்த உடனே குடிச்சிருக்கீங்க, அப்புறம் எப்படி இருக்கும்? கெட்டிருந்தா நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வரும், பழ வாசனையே இருக்காது. அது இல்லைன்னா கவலைய விடுங்க.

மிச்சத்தை கார்க் போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு நாளைக்கு 17 டிகிரி வாக்குல குடிச்சுப் பாருங்க. கிளாஸை வெள்ளைப் பேப்பர் மேல சாய்ச்சா இளசான ஒயின்ல ஓரம் ஊதாவா தெரியும், வயசானாதான் செங்கல் நிறத்துக்குப் போகும். மோந்து பார்த்தா கருப்பு கரன்ட் பழம், தேவதாரு மரம், பென்சில் சீவுன வாசனை வரணும் (போயாக்ல எனக்குப் பிடிச்சதே இந்த பென்சில்தான்). முழுங்குன பிறகு ருசி எத்தனை செகண்ட் நிக்குதுன்னு எண்ணுங்க, தரம் அதுல தெரிஞ்சிடும்.

ரெண்டாவது பாட்டிலை 12-14 டிகிரில படுக்க வச்சிடுங்க, 2030 வரைக்கும் தொடாதீங்க. அவசரப்பட்டு முன்னாடியே திறந்தா டிகான்டர்ல (ஒயினுக்குக் காத்து படுறதுக்காக ஊத்தி வைக்கிற கண்ணாடி ஜாடி) ரெண்டு மூணு மணி நேரம் விட்டுட்டு, கொழுப்புள்ள ஆட்டுக்கறியோட குடிங்க, துவர்ப்பு பாதியா அடங்கிடும்.