லக்சரில் கிடைக்கும் ‘தமிழ்ப் பானை ஓடு’

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: ‘ஜனவரியில் எகிப்து போகிறேன். லக்சரிலிருந்து ஒரே நாளில் செங்கடல் கரையிலுள்ள பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைக் காட்டிவிடுவதாக ஏஜென்ட் சொல்கிறார். தமிழ் எழுத்துள்ள பானை ஓடு ஒன்றும் 1975ஆம் ஆண்டு ரசீதோடு விலைக்கு இருக்கிறதாம். வாங்கலாமா?’

வேண்டாம் ஐயா. கையில் வாங்கிக்கூடப் பார்க்காதீர்கள். 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டப்படி எகிப்தில் தொல்பொருள் வியாபாரம் குற்றம். விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். விற்றவன் அடுத்த ஆளைத் தேடிப் போயிருப்பான். சட்டம் வந்து நாற்பது ஆண்டுகள் தாண்டியும் பயணியின் பெட்டியைக் குடைகிற அளவுக்கு இந்தத் தரகர்களை ஏன் யாரும் தேடுவதில்லை என்பது எனக்குத் தீராத ஆற்றாமை.

அந்த ரசீதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1983க்கு முன் அங்கே உரிமம் பெற்ற கடைகள் இருந்தது உண்மை. அப்போதே முறையான ஏற்றுமதி அனுமதியோடு எகிப்தைவிட்டு வெளியே போன பொருளின் கதை வேறு. அதற்கும் கடை ரசீது போதாது, அரசு கொடுத்த அனுமதித் தாள் வேண்டும். உங்கள் ஓடு இன்னும் லக்சரில்தானே இருக்கிறது? வெளியே போகாத பொருளுக்கு அந்த விலக்கு எப்படிப் பொருந்தும்? இன்னொன்றும் பாருங்கள். செங்கடல் கரையின் இன்னொரு பழைய துறைமுகமான குசெய்ர் அல்-காதிமில் நவீன அகழாய்வு தொடங்கியது 1978இல், பெரெனிகேயில் 1994இல். ‘பானை ஒறி’ (பானை உறி) என்று எழுதிய குசெய்ர் ஓடும், ‘கொற்றபூமான்’ என்று படிக்கப்பட்ட பெரெனிகே ஓடும் இந்த அகழாய்வுகளுக்குப் பிறகே நமக்குத் தெரியவந்தன. 1975இல் ஒரு கடைக்காரர் ‘தமிழ் ஓடு’ என்று ரசீது எழுதியிருப்பாரா?

பெரெனிகே ஒருநாள் பயணத்தில் அடங்காது. நைல் கரையிலுள்ள காப்டோஸிலிருந்து அங்கே போக ஒட்டகத்தில் 12 நாள், வெயிலுக்கு அஞ்சி பெரும்பாலும் இரவில்தான் நடை என்று முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். செங்கடலில் வடக்கே போகப் போக எதிர்க்காற்று கப்பலை வாட்டும். அதனால்தான் அவ்வளவு தெற்கிலேயே இந்தியாவிலிருந்து வந்த மிளகை இறக்கி, பாலைவனம் வழியாக நைலுக்குக் கொண்டுவந்து, படகில் அலெக்சாண்டிரியாவுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் அது தொலைவு. முன் அனுமதி இல்லாமல் கிளம்பக் கூடாது.

காப்டோஸின் இன்றைய பெயர் கிஃப்ட். லக்சருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து வாடி ஹம்மாமத் வழியாகக் குசெய்ருக்குச் சாலை இருக்கிறது. பாறை எழுத்துகளையும் ரோமானியக் காவல் கோபுரங்களையும் பார்த்துக்கொண்டே போகலாம். அந்தச் சாலையில் வெளிநாட்டினரை விடுகிறார்களா என்று விடுதியில் முதலில் கேளுங்கள், ஏஜென்ட்டிடம் அல்ல. இரவு குசெய்ரில் தங்குங்கள். மேலே சொன்ன குசெய்ர் அல்-காதிம், அதாவது பழைய மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகம், அங்கிருந்து 8 கிலோமீட்டர் வடக்கே, இப்போது வெறும் மண்மேடு. காலடியில் ஓடு தட்டுப்பட்டாலும் அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.